பித்தளை ஓடாத மூட்டு

அந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே கண்டியில் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது. கட்டுக்கலைத் தெருக்குழாயில் விடிய முன்னம் வரிசையில் நின்று இரண்டு வாளி பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். ஏழு மணிக்கு மேல் போனால் குழாய் காற்றைத்தான் ஊதும். ஹந்தானை மலையின் மானாப் புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்துவிட, அது மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. கரித்தூள் காற்றோடு வந்து கூரைகளின் மேலும் காயப்போட்ட துணிகளின் மேலும் இறங்கியது.

சைக்கிள் திருத்துகிற பாஸ் தாஸிமுக்கு வெயிலால் வேலை கூடியிருந்தது. சூட்டில் டியூப் வெடித்தவர்கள், ஒட்டு கழன்றவர்கள் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். பாண் பேக்கரிச் சுவரோடு சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டில்தான் அவனுடைய கடை. ஒரு மூலையில் துருத்தியும் கரி உலையும், மறு மூலையில் பழைய சக்கரங்களும் கிடக்கும். பஞ்சர் ஒட்ட ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். உடைந்த பிரேமைப் பித்தளை வைத்துப் பற்றவைக்க, பேராதனை வரைக்கும் தாஸிமை விட்டால் வேறு ஆள் இல்லை. தாஸிம் பற்றவைத்த இடத்தில் மறுபடி உடையாது என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவன் காதில் விழாதவன்போல் அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நடையில் ஒரு நிமிர்வு இருக்கும்.

பத்து மணியளவில் கூலிக்குச் சுமை தூக்குகிற ஒரு நாட்டாமை, தோளில் சாக்குச் சுற்றிய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் இறக்கினான். அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் வந்து, வெயிலிலேயே நின்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறை வைத்து அழைத்தாள்.

"நானா, என்னைத் தெரியுதா? மருந்துக்கடை சண்முகநாதன் சம்சாரம். அன்னலட்சுமி."

தாஸிம் எழுந்து நின்றான். "தெரியும் தங்கச்சி. நெழலுக்கு வாங்க. மையத்து வீட்டுக்கு வர ஏலாமப் போச்சி. காய்ச்சலா கெடந்த."

அது பொய். அவனுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. சண்முகநாதன் ஹந்தானை வளைவில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இறந்தான் என்று கேள்விப்பட்ட நாளில் தாஸிம் எரிந்துகொண்டிருந்த உலையை அணைத்தான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவன் விரும்பவில்லை. இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துக்கிடந்தான்.

"வந்தவங்களே கொறைச்சல்தான் நானா" என்றாள் அன்னலட்சுமி. "குடிச்சிட்டு விழுந்து செத்தவன் வீட்டுக்கு யாரு வருவா?"

நாட்டாமை சாக்கை அவிழ்த்தான். சண்முகநாதனுடைய பிரேம்.

அந்தப் பிரேமைக் கண்டியில் சைக்கிள் தெரிந்த எவனும் மறக்கமாட்டான். ஹந்தானைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை, சீமையில் ஒரு கொல்லனிடம் தன் உடம்புக்கு அளவு கொடுத்துக் கையாலேயே செய்வித்துக் கப்பலில் இறக்கியது. குழாய்கள் மெல்லிய உருக்கு. ஒற்றை விரலில் கொழுவித் தூக்கலாம். மூட்டுக்கு மூட்டு அரத்தால் இழைத்து, வெற்றிலை நுனிபோல் கூராக்கி முடித்திருந்தான் அந்தக் கொல்லன். தேயிலை விலை விழுந்து துரை ஊருக்குத் திரும்பியபோது சண்முகநாதன் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டான். வார்ட் வீதியில் ஒரு வெள்ளைக்காரன் மருந்துக்கடை; அங்கிருந்து தோட்டங்களுக்கு அவசர மருந்து கொண்டுபோவது அவன் வேலை. மலை ஏறி இறங்குகிறவனுக்கு அந்த லேசு பெரிய வரம்.

"மாசக் கடைசியில நாவலப்பிட்டிக்குப் போறோம். அங்க எங்க அண்ணன் கடை வச்சிருக்காரு. வான்னு கூப்பிடல, வராதேன்னும் சொல்லல. சைக்கிள் ஓட்டக்காரர் கட்டுகஸ்தோட்டை நளீர், எங்க வீட்டுக்கே வந்து இதக் கேட்டாரு, பழைய இரும்பு வெலைக்கு. எனக்கு மனசு வரல. இதோட அருமை தாஸிம் நானாவுக்குத்தான் தெரியும்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீங்க வாங்கிக்கிறீங்களா?"

தாஸிம் குந்தியிருந்து பிரேமைப் புரட்டினான். கைப்பிடிக்குக் கீழே, குழாய்கள் செருகியிருக்கும் கழுத்து மூட்டின் கீழ்ப்புறத்திலிருந்து கீழ்க்குழாய் வெளியே வந்து தொங்கியது. குழாயின் நுனியைப் பார்த்தவன், அப்படியே கையை எடுத்துக்கொண்டான். குழாய் முறிந்திருக்கவில்லை. சோற்றுப் பானையிலிருந்து அகப்பையை உருவினதுபோல மூட்டைவிட்டுச் சுத்தமாகக் கழன்று வந்திருந்தது. மூட்டின் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் குழாயைச் சுற்றி நூலளவுக்குப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அங்கிருந்து நுனி வரைக்கும், மூட்டுக்குள் இருந்த ஒரு விரற்கடை நீளம், வெறும் சாம்பல் நிற உருக்கு. ஒட்டுவதற்குத் தூவிய வெண்காரம் பொரிந்து கருகிய தடம்கூட அப்படியே ஒட்டியிருந்தது.

"இங்க வச்சிட்டுப் போங்க தங்கச்சி" என்றான். பிரேமை மூலைக்கு நகர்த்தினான். "வெள்ளிக்கெழமை ஜும்ஆ முடிய வந்து பதில் செல்றேன்."

*

பொங்கலுக்கு முன்னே வந்த நோன்பு மாதத்தின் கடைசி வாரம் அது. காலையிலிருந்து அடைமழை. ஹந்தானை ரோட்டில் கல்லில் அடிபட்டு மூட்டில் வெடிப்பு விட்ட பிரேமை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் சண்முகநாதன் கொண்டுவந்தான். நாளைக் காலையில் தோட்டத்துக்கு மருந்து போகவேண்டும், ஆனால் ஏலாவிட்டால் பரவாயில்லை, வேறு சைக்கிள் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னான். தாஸிம்தான் ஏலும் என்றான். நனைந்த கரி புகைந்ததே தவிரச் சிவக்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை. துருத்தியை மிதிக்க மிதிக்கக் கண் இருட்டியது. உருக்கு செக்கச்செவேல் என்று ஆனால்தான் பித்தளை தண்ணீராக உருகி மூட்டின் உள்ளே ஓடும். மூட்டு மங்கல் சிவப்பைத் தாண்டவேயில்லை. விளிம்பில் மட்டும் பித்தளை உருகி மணியாகத் திரண்டு நின்றது. உள்ளே ஓடவில்லை என்பது தாஸிமுக்குத் தெரிந்தது. கரியை மாற்றி மறுபடி சூடேற்ற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். பள்ளியில் பாங்கு சொல்லப் போகிறார்கள், வீட்டில் கஞ்சி ஆறப்போகிறது. அவன் மணியை அரத்தால் இழைத்து, கறுப்புப் பெயின்ட் பூசிக் கொடுத்துவிட்டான். பெருநாள் முடிந்ததும் கூப்பிட்டுத் திரும்பவும் செய்து கொடுப்போம் என்று நினைத்தான். பெருநாள் வந்தது, போனது. பொங்கல் வந்தது. பொங்கல் கழிந்து பத்தாம் நாள் சண்முகநாதன் விழுந்தான்.

அவனுடைய பையில் தோட்டத்துத் துரைசாணிக்கு மருந்தாகக் கொடுக்கவென்று இரண்டு போத்தில் பிராந்தி இருந்தது. விழுந்த வேகத்தில் இரண்டும் உடைந்து சட்டையெல்லாம் ஊறிவிட்டது. பொழுதுசாயக் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் கண்டெடுத்தபோது, வெயிலில் கிடந்த உடம்பிலிருந்து பிராந்தி மணம் பத்தடி தூரத்துக்கு அடித்ததாம். பிறகு என்ன? மருந்துப் பிராந்தியைக் குடித்துவிட்டு வளைவில் விழுந்தான் என்று அன்று மாலையே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மரண விசாரணையிலும் அதுவே எழுதப்பட்டது. மருந்துக்கடைக்காரர்கள் நட்டஈடு இல்லையென்று கையை விரித்தார்கள்.

*

தாஸிமின் மனைவி ஹபீலா சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். சுபஹுத் தொழுகைக்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவாள். புதன்கிழமை விடிகிற நேரம், தொழுதுவிட்டு வந்த தாஸிம் அடுப்படியில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் தட்டுக்கு மேல் தட்டாகப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இடியப்ப உரலைக் கீழே வைக்கவில்லை.

"வேற ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கும் தெரியா."

"அப்ப வாங்குங்க. கேட்ட வெலைக்கு மேலயே குடுத்து வாங்குங்க. வாங்கி அறுத்துத் துண்டு துண்டாப் போடுங்க. அந்தப் பொம்புளைக்கும் கை நெறையும், எங்கட மானமும் நிக்கும்."

"அந்த மனுசன் குடிகாரன்னு ஊரே செல்லுது ஹபீலா."

"ஊர் செல்றதுக்கு நீங்களா பொறுப்பு?"

"நான்தானே."

ஹபீலா பிழிவதை நிறுத்தினாள். அடுப்பு வெக்கையில் முகம் சிவந்திருந்தது. "நீங்க போய்ச் சொன்னா அவர் எழும்பி வருவாரா? மூணு புள்ளையள் ஈக்கி. ஒங்கட கை மேல உள்ள நம்பிக்கையிலதான் ஆக்கள் வாராங்க. அந்த நம்பிக்கை போனா நாளைக்கு ஒரு சைக்கிள் அந்தக் கொட்டிலுக்கு வருமா? நான் பிழியிற இந்த மாவில எத்தன பேர் திங்கிற?"

"தெரியும்."

"அல்லாஹ்விட்ட அழுது கேளுங்க. அவன் மன்னிப்பான்."

"அவன் மன்னிப்பான்" என்றான் தாஸிம். "அந்தப் பொம்புள?"

ஹபீலா வெந்த தட்டுகளைக் கவிழ்த்து, ஆவி பறக்கிற இடியப்பங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லையாவது தவறு என்று தாஸிமால் சொல்ல முடியவில்லை.

அன்று பகல் நளீர் கடைக்கு வந்தான். கட்டுகஸ்தோட்டையில் மரம் விற்கிற மரக்காலை ஒன்று வைத்திருப்பவரின் மகன். போகம்பரையில் நடக்கிற சைக்கிள் ஓட்டங்களில் மூன்று முறை முதலாவதாக வந்தவன். மூலையில் கிடந்த பிரேமைக் கண்டதும் கண் விரிந்தது.

"இங்கயா வந்தீக்கி இது! நானா, இத எனக்கு விட்டுத் தாங்க. நீங்க ஒரு ஒட்டு ஒட்டித் தந்தா இந்த மொற கொழும்புக்கே போய் ஓடலாம்."

தூக்கி, கழன்ற நுனியைத் திருப்பிப் பார்த்தான். தாஸிம் கையிலிருந்த திருகு சாவியைக் கீழே வைத்தான்.

"பாருங்க, விழுந்த விழுகையில குழாயே புடுங்கிட்டு வந்தீக்கி" என்றான் நளீர் சிரித்துக்கொண்டு. "ரெண்டு போத்திலும் உள்ள போனா மனுசனுக்குக் கண்ணு தெரியுமா? சாமான் தங்கம். ஓடினவன்தான் சரியில்ல."

"அத வை" என்றான் தாஸிம்.

"எவ்வளவு வேணும் நானா?"

"அத நான் வாங்கிட்டேன். விக்கிற எண்ணமில்ல."

நளீர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தாஸிம் உலைக்கு முன்னால் உட்கார்ந்தான். வாங்கிவிட்டேன் என்று வாய் சொல்லிவிட்டது. இனி வாங்குவதுதான். வாங்காவிட்டால் நளீருக்குப் போகும், நளீர் அதை இங்கேயே கொண்டுவந்து ஒட்டச் சொல்வான், இதே மூட்டை இதே கையால் மறுபடி சூடேற்றவேண்டி வரும். அது அவனால் ஏலாது. ஹபீலா சொன்னபடி கேட்ட விலைக்கு மேலே கொடுப்பது, அறுத்துப் போடுவது, வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, தலையில் தொப்பியோடு அப்படியே கட்டுக்கலைக்குப் போனான். வரிசை அறைகளில் கடைசி அறை அன்னலட்சுமியுடையது. பாதிச் சாமான் ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தது. ஒன்பது வயது மகள் ருக்குமணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டான். குழந்தை முறத்தைப் பார்த்தபடியே இருந்தது.

"போகமாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து தாய் சொன்னாள். "குடிகாரன் மகள்னு கூப்பிடுறாங்களாம். உக்காருங்க நானா."

ஒரே கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பால் இல்லை என்று சங்கடப்பட்டாள். சுவரில் படம் ஒன்று சட்டத்தின் பின்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டியிருந்தது.

தாஸிம் சட்டைப்பையில் கைவிட்டான். நோட்டுகள் விரலில் பட்டன. எடுக்க வரவில்லை.

"என்ன நானா, வெல அதிகமா? கொறைச்சுக்கிங்க. உங்ககிட்ட நான் பேரம் பேசமாட்டேன்."

"வெல இல்ல தங்கச்சி."

"பின்ன?"

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தக் குழாய் விழுந்ததால ஒடையல்ல. அது கழண்டு வந்ததாலதான் அவர் விழுந்தீக்கி. மூட்டுக்குள்ள பித்தளை ஓடல்ல. வெளி விளிம்பில மட்டும் புடிச்சீந்திச்சி. அத ஒட்டினது நான்."

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. "ஒட்டு விட்டுப் போறது சகஜம்தானே நானா? வெள்ளைக்காரன் செஞ்சதே வெடிச்சுதே."

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"சூடு பத்தல்லன்னு தெரியும். உள்ள ஓடல்லன்னு தெரியும். அரத்தால தேச்சிப் பெயின்ட் அடிச்சிக் குடுத்த."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நோன்பு தொறக்கிற நேரம். கரியெல்லாம் நனஞ்சி... அவரும் அவசரமா..." தாஸிம் நிறுத்தினான். "இல்ல. அவர் அவசரப்படல்ல. ஏலாட்டி வேற சைக்கிள் பாக்கிறேன்னுகூடச் சென்ன. நான்தான் அவசரப்பட்ட."

வாசலில் முறம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்னலட்சுமி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி சாப்பிடுறப்ப சொன்னாரு" என்றாள். "நோன்போட, வாயில தண்ணிகூடப் படாம, மழையில உக்காந்து பத்தவச்சுக் குடுத்தாரு அந்த மனுசன்னு சொன்னாரு. பெருநாளைக்கு உங்க வீட்டுக்கு வாழப்பழச் சீப்பு ஒன்னு குடுத்தனுப்பணும்னு சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

தாஸிம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப அவரு குடிக்கல."

"குடிக்கல்ல தங்கச்சி. குடிச்சிருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் குழாய் கழண்டுதான் இருக்கும்."

"நான் அத நம்பினேன்" என்றாள் அவள். இதுவரை தாழ்ந்து கிடந்த குரல் திடீரென்று உயர்ந்தது. "ஒன்னரை மாசம்! ஊரு சொல்லுச்சுன்னு நானும் நம்பினேனே! பாவி, புள்ளைய விட்டுட்டுக் குடிச்சுச் செத்தியேன்னு தெனமும் திட்டினேன். அவரு மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு படத்தத் திருப்பி வச்சேன். முப்பதாம் நாளுக்கு ஒரு வெளக்குக்கூட ஏத்தல. பன்னண்டு வருசம் ஒரு சுருட்டுகூடப் பிடிக்காத மனுசன், நானா, அவரு!"

எழுந்துபோய்ப் படத்தைத் திருப்பினாள். மருந்துக்கடை ஆட்கள் எல்லோரோடும் சேர்ந்து சண்முகநாதன் நிற்கிற படம். திருப்பிய கை சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் முதுகு குலுங்கியது. ருக்குமணி முறத்தை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்று, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்னலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இப்ப எங்கிட்ட சொன்னத மருந்துக்கடையில வந்து சொல்லுவீங்களா?"

"செல்றேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கே."

*

மருந்துக்கடைத் தலைமைக் கிளாக்கர் இராமநாதன் யாழ்ப்பாணத்து மனிதர். நெற்றியில் திருநீறும் கறுப்புக் கோட்டுமாக, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார். அன்னலட்சுமி பக்கத்தில் நிற்க, தாஸிம் பிரேமைக் கல்லாப்பெட்டிப் பலகையின் மேல் வைத்து, மூட்டையும் குழாயையும் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னான். கடைக்கு வந்திருந்த இரண்டு மூன்று பேரும் கேட்டார்கள். இராமநாதன் குழாயின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் இரக்கம் தெரிந்தது.

"நீர் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும். இல்லாட்டி ஆர் தன்ரை தலையிலை தானே மண் அள்ளிப் போடுவினம்? ஆனா இஞ்சை பாரும். விசாரணை முடிஞ்சுது. கடைத் துரையிட்டை இதைக் கொண்டுபோனா அவர் முதல்லை கேக்கிறது, சைக்கிள் ஆரின்ரை எண்டுதான். சைக்கிள் அந்த மனிசன்ரை. கடையின்ரை இல்லை. பழுதான சைக்கிளிலை போனது அவன்ரை பிழை எண்டு முடிச்சுப் போடுவார். விளங்குதோ?"

"எனக்குக் காசு வேணாங்க" என்றாள் அன்னலட்சுமி. "குடிக்கலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அது போதும்."

"அம்மா, குடிச்சான் எண்டு எழுதினது கடை இல்லை. அப்ப குடிக்கேல்லை எண்டு எழுத எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?" பிரேமை மெல்லத் தூக்கித் தாஸிமிடம் நீட்டினார். "நல்ல பெடியன் அவன். நான் என்ன செய்ய? எனக்கும் பென்சன் எடுக்க ரெண்டு வருசம்தான் கிடக்கு."

வெளியே வார்ட் வீதியில் வெயில் கொதித்தது. ஒரு கடையின் நிழலில் நின்று, தாஸிம் சட்டைப்பையிலிருந்த நோட்டுகளை எடுத்தான்.

"தங்கச்சி, கேட்டதுக்கு ரெண்டு மடங்கு இதில ஈக்கி. பிரேம நான் வாங்கிக்கிறேன். ரயிலுக்கு, புள்ளைக்கு..."

அன்னலட்சுமி நோட்டுகளைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"வாங்கி என்ன செய்வீங்க?"

"அறுத்துப் போட்டுருவேன். இனி ஒருத்தரும் அதில ஏறக்கூடாது."

"அறுத்துட்டா உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும், இல்ல?"

அவன் நோட்டுகளை மடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க வந்து சொன்னதுக்கு நன்றி நானா. சொல்லாம இருந்திருந்தா நான் சாகுற வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன். ஆனா இத உங்களுக்கு விக்கமாட்டேன். நளீருக்கும் விக்கமாட்டேன். யாருக்கும் விக்கமாட்டேன்."

அவன் கையிலிருந்து பிரேமை வாங்கிக்கொண்டாள். லேசான பிரேம்தான். அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வாவிப் பக்கத்து ரோட்டில் வெயிலோடு நடந்து போனாள்.

*

மருந்துக்கடையில் நின்று கேட்டவர்கள் மூலம் கதை அன்று மாலையே ஊருக்குள் வந்துவிட்டது. தாஸிமிடம் பிரேம் ஒட்டக் கொடுத்தால் உயிருக்கு உலை என்றார்கள். அந்தப் பெண் நட்டஈட்டுக்கு ஆசைப்பட்டு, காசு கொடுத்துத் தாஸிமை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறாள் என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே ஆட்களே சொன்னார்கள்; நளீர் இரண்டையும் சொன்னான். சண்முகநாதன் குடித்தானா இல்லையா என்ற பேச்சு மட்டும் மாறவேயில்லை.

ஒட்டு வேலை அடியோடு நின்றது. பிறகு பஞ்சர் வேலையும் குறைந்தது. நனையாத கரி மூட்டைகள் இரண்டு கொட்டிலில் அடுக்கியபடியே இருந்தன. தாஸிம் ஒருநாள் வெறுமனே உலையை மூட்டி, துருத்தியை மிதித்து, கரி செக்கச்செவேல் என்று வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் ஊற்றி அணைத்தான். ஹபீலா அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு விடியற்காலை மாவு பிசைகிற தாச்சிச் சட்டியை அவன் பக்கம் தள்ளி, "இனி நீங்களும் பிசையுங்க. இன்னும் ரெண்டு கடைக்குக் குடுக்கணும்" என்றாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பங்குனி நடுவில், மார்ச் மாசக் கடைசியில், காலை ரயிலுக்கு, தாஸிம் ஸ்டேஷனுக்குப் போனான். அவர்கள் அன்று புறப்படுகிறார்கள் என்று பேக்கரிக்காரன் சொல்லியிருந்தான். நாவலப்பிட்டி ரயில் மேடையில் நின்றது. இரண்டு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக அன்னலட்சுமி ஒரு நுனியும் ருக்குமணி மறுநுனியுமாகப் பிடித்துப் பிரேமைக் கொண்டுவந்தார்கள். சாக்குச் சுற்றியிருக்கவில்லை. குழாய் கழன்ற மூட்டு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ரயில் கார்ட் ஓடிவந்தான். "இத உள்ள ஏத்த ஏலாது. பின்பெட்டியில போடுங்க."

"வேணாங்க. கையில வச்சுக்கிறேன்." கார்ட் கையை விரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான்.

தாஸிம் முன்னால் வந்து ஒரு நுனியைப் பிடிக்கக் கை நீட்டினான். அன்னலட்சுமி அவனைக் கண்டாள். கோபம் காட்டவில்லை. அவன் கைக்கு எட்டாதபடி பிரேமைக் கொஞ்சம் மறுபக்கம் திருப்பி, மகளைப் பார்த்து, "ஏறு" என்றாள். இருவரும் ஏறி மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். பிரேம் அவர்கள் மடியில் குறுக்காகக் கிடந்தது.

எதிரே கூடையோடு இருந்த ஒரு தோட்டத்துக் கிழவர் காலை மடக்கி இடம் விட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பார்வை பிரேமின் மேல்கூட இருக்கவில்லை. மலைப்பக்கத்துப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க வீட்டுக்காரரோட சைக்கிள்" என்று அன்னலட்சுமி அவரிடம் சொன்னாள். மூட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தா பாருங்க, இது தானா கழண்டுருச்சு. அவரு குடிக்கலங்க."

கிழவர் விளங்காமல் தலையை ஆட்டினார். அவள் பிரேமை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ரயில் நகர்ந்தது.